சர்க்கரை மாத்திரை தொடங்கிய முதல் வாரங்களில் வயிற்றைக் கவனித்துக்கொள்ளும் முறை

சர்க்கரை நோய் இருப்பது அண்மையில் தெரியவந்து, மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையைத் தொடங்கிய சில நாட்களிலேயே குமட்டல், வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், வாயில் உலோகச் சுவை என ஏதேனும் ஒன்றால் அல்லல்படுபவர்களுக்காகவும், அவர்களுக்குச் சமைத்துப் போடும் வீட்டாருக்காகவும் இதை எழுதுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் மருந்தாளுநராக வேலை செய்யும் எனக்கு, மாத்திரையால் வரும் வயிற்றுக் கோளாறைவிட அதை மறைப்பதால் வரும் கேடுதான் பெரிதாகத் தெரிகிறது. வயிற்றோட்டம் தாங்காமல் மாத்திரையை நிறுத்திவிட்டவர் அதை மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்படுகிறார். அடுத்த பரிசோதனையில் சர்க்கரை கூடியிருப்பதைப் பார்க்கும் மருத்துவர், மருந்து போதவில்லை என்று கருதி அளவைக் கூட்டுகிறார் அல்லது இன்னொரு மருந்தைச் சேர்க்கிறார். நோயாளி அந்தப் புதிய சீட்டின்படி முழு அளவையும் ஒரே நாளில் தொடங்க, வயிறு முன்பைவிட மோசமாகிறது. பெரும்பாலானவர்களுக்கு இந்தத் தொந்தரவு சில வாரங்களில் அடங்கிவிடக்கூடியது. அடங்காதவர்களுக்கும் மாற்று வழிகள் உண்டு. ஆனால் இரண்டுக்கும் மருத்துவருக்கு உண்மை நிலை தெரிந்திருக்க வேண்டும்.

கையிலுள்ள அட்டையில் என்ன மருந்து இருக்கிறது?

முதலில் செய்ய வேண்டியது மாத்திரை அட்டையின் பின்புறத்தைப் படிப்பது. கம்பெனிப் பெயர் எதுவாக இருந்தாலும், அதற்குக் கீழே சிறிய எழுத்தில் மருந்தின் உண்மைப் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். இன்று விற்பனையாகும் சர்க்கரை மாத்திரைகளில் பல, இரண்டு அல்லது மூன்று மருந்துகள் சேர்ந்த கூட்டு மாத்திரைகள். கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்தவை, வில்டாகிளிப்டினும் மெட்ஃபார்மினும் சேர்ந்தவை, இவற்றோடு வோக்ளிபோஸ் சேர்ந்தவை என்று பல சேர்க்கைகள் உண்டு. "நான் ஒரே ஒரு மாத்திரைதான் எடுக்கிறேன்" என்று சொல்பவர் உண்மையில் மூன்று மருந்துகளை எடுத்துக்கொண்டிருக்கலாம். அரசு மருத்துவமனையில் ஒரு சீட்டும் தனியார் மருத்துவரிடம் இன்னொரு சீட்டும் வைத்திருப்பவர்கள், வேறு வேறு பெயரில் மெட்ஃபார்மினையே இருமுறை விழுங்குவதும் நடக்கிறது.

ஆங்கிலம் படிக்கத் தெரியாவிட்டால் மருந்துக் கடையில் கேளுங்கள். ஒவ்வொரு அட்டையின் மேலும் மருந்தின் பெயரையும் வேளையையும் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். கடைக்காரர் எழுதித் தர வேண்டும். அதைக் கேட்கத் தயங்க வேண்டாம். பெயர் தெரியாமல் அடுத்த படிகளில் எதையும் சரியாகச் செய்ய முடியாது, ஏனெனில் ஒவ்வொரு மருந்தும் வயிற்றை வெவ்வேறு விதமாகப் பாதிக்கிறது.

மெட்ஃபார்மின்: மெதுவாகத் தொடங்குவதே பாதி மருத்துவம்

வயிற்றுத் தொந்தரவு என்று வருபவர்களில் மிகுதியானோர் மெட்ஃபார்மின் எடுப்பவர்களே. 1957-இல் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் சர்க்கரை நோய்க்கு இதைப் பயன்படுத்தி முடிவுகளை வெளியிட்டார். அன்று முதல் இன்றுவரை நிலைத்து நிற்கும், விலை குறைந்த, நம்பத்தகுந்த மருந்து இது. விழுங்கும் மருந்தில் ஏறத்தாழ பாதிதான் இரத்தத்தில் சேர்கிறது. குடல் சுவரிலோ அதன் செறிவு இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். பித்த உப்புகளைக் குடல் திரும்ப உறிஞ்சுவதை இது குறைக்கிறது. குடலில் செரடோனின் என்ற பொருளின் நடமாட்டத்தையும் நுண்ணுயிர்களின் சேர்க்கையையும் மாற்றுகிறது. வயிறு இளகுவதற்கும் முறுக்குவலிக்கும் குமட்டலுக்கும் இவையே காரணங்களாகக் கருதப்படுகின்றன. ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஏதாவது ஒரு தொந்தரவு வருகிறது. ஆனால் மருந்தை முழுவதும் கைவிட வேண்டிய நிலைக்கு வருபவர்கள் நூற்றுக்கு 5 பேர் அளவில்தான். இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடக்க உதவுவதுதான் கீழே சொல்லப்போகும் முறை.

வழக்கமாக நாளொன்றுக்கு 500 மி.கி. என்ற அளவில், ஒருவேளை உணவோடு தொடங்கி, ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்து அடுத்த 500-ஐச் சேர்த்து, படிப்படியாக ஏற்றுவார்கள். உங்கள் சீட்டில் தொடக்கத்திலேயே 1000 மி.கி. இரண்டு வேளை என்று எழுதியிருந்து வயிறு தாங்கவில்லை என்றால், "குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டலாமா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். எந்த மருத்துவரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். கூட்டிய பிறகு தொந்தரவு திரும்பினால், முந்தைய அளவுக்கு இறங்கி இன்னும் சில வாரம் இருந்துவிட்டுப் பிறகு ஏறலாம்; அதையும் அவரிடம் சொல்லிவிட்டே செய்ய வேண்டும்.

அடுத்தது வேளை. மெட்ஃபார்மினை வெறும் வயிற்றில் எடுக்கக் கூடாது. சாப்பாட்டின் நடுவிலோ சாப்பிட்டு முடித்த உடனேயோ எடுப்பதே நல்லது. சொல்லும்போது எளிதாகத் தோன்றும் இந்த விதி, நம் மாவட்டத்து வேலை முறைகளோடு மோதும் இடத்தில்தான் சிக்கல் வருகிறது. குலசேகரம், பேச்சிப்பாறை, அருமனைப் பக்கங்களில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியுமுன்னே ஒரு கட்டன் சாயாவைக் குடித்துவிட்டுக் கிளம்புகிறார்கள். அந்தச் சாயாவோடு மாத்திரையையும் போட்டுக்கொண்டால், தோட்டத்தின் நடுவில் குமட்டலும் வயிற்றுக் கடுப்பும் வருவதில் வியப்பில்லை. சீட்டில் "காலை" என்று எழுதியிருப்பது கடிகாரத்தின் காலையைக் குறிப்பதல்ல. உங்கள் முதல் உருப்படியான சாப்பாட்டைக் குறிப்பது. பால் எடுத்து முடித்துப் பத்து மணிக்குத்தான் சாப்பிடுவீர்கள் என்றால், மாத்திரையும் பத்து மணிக்குத்தான். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் கரைகளிலிருந்து இரவில் கடலுக்குப் போய் விடிந்து திரும்புகிறவர்களுக்கும் இதே கணக்கு பொருந்தும். பல நாள் தங்கி ஆழ்கடலில் தொழில் செய்பவர்கள், புதிய மருந்தையோ கூட்டிய அளவையோ படகில் ஏறும் நாளில் தொடங்காமல் கரையில் இருக்கும் நாட்களில் தொடங்கட்டும்.

அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிக்கொட்டைத் தொழிற்சாலையில், வேலை செய்யும் பெண்களுக்காக இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேலை நேரத்தில் எழுந்து கழிப்பறைக்குப் போகத் தயங்கும் பலர், வயிறு இளகிவிடுமோ என்ற பயத்தில் காலை மாத்திரையைத் தாங்களாகவே விட்டுவிடுகிறார்கள், அல்லது காலைச் சாப்பாட்டையே தவிர்க்கிறார்கள். முதல் சில வாரங்களுக்கு இரவு உணவோடு மட்டும் மாத்திரை எடுக்கும்படி மாற்றித் தரலாமா என்று மருத்துவரிடம் கேட்டால், பெரும்பாலும் வழி கிடைக்கும். நீண்ட பேருந்துப் பயணம் செய்து வேலைக்குப் போகிறவர்களுக்கும் இது உதவும்.

இவற்றைச் செய்தும் தொந்தரவு நீடித்தால், மெதுவாகக் கரையும் வகை மெட்ஃபார்மின் இருக்கிறது, அட்டையில் எஸ்.ஆர்., இ.ஆர்., எக்ஸ்.ஆர். என்ற எழுத்துகளில் ஏதோ ஒன்று பெயரை ஒட்டி இருக்கும். சாதாரண வகையைத் தாங்காத பலர் இதைத் தாங்குகிறார்கள். வழக்கமாக இரவு உணவோடு எடுக்கச் சொல்வார்கள். இதை நொறுக்கவோ, மெல்லவோ, பொடித்துக் கரைத்துக் குடிக்கவோ கூடாது. அப்படிச் செய்தால் பல மணி நேரத்தில் வெளியாக வேண்டிய மருந்து ஒரேயடியாக வயிற்றில் இறங்கிவிடும். மலத்தில் முழு மாத்திரை போன்ற ஒன்று வந்ததைப் பார்த்துப் பதறி, மருந்து செரிக்கவில்லை என்று கடைக்கு வருபவர்கள் உண்டு. அது மருந்து கரைந்து போன பின் மிஞ்சும் வெற்றுக் கூடு மட்டுமே. அதற்காக இன்னொரு மாத்திரை எடுக்க வேண்டாம்.

சாப்பாட்டில் முதல் இரண்டு வாரம்

மருந்து தொடங்கும் அதே நாளில் வெந்தயத்தை ஊறவைத்துச் சாப்பிடவும், வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறு குடிக்கவும், சிறுகுறிஞ்சான் பொடி வாங்கவும், பச்சைச் சக்கைக்கு (பலாக்காய்க்கு) மாறவும் பலர் தீர்மானிக்கிறார்கள். அக்கறையோடு செய்கிற காரியங்கள்தாம். ஆனால் வெந்தயத்திலும் பச்சைச் சக்கையிலும் நார்ச்சத்து மிகுதி. திடீரென்று கூட்டினால் அவையே வாயுவையும் வயிற்றுப்போக்கையும் தரும். பிறகு எது மாத்திரையால் வந்தது, எது வெந்தயத்தால் வந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பழி முழுவதும் மாத்திரையின் மேல் விழுகிறது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். மாத்திரை உடம்புக்குப் பழகிய பிறகு மற்றவற்றைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம்.

சர்க்கரை இல்லாதது என்று விற்கும் பிஸ்கட், மிட்டாய் வகைகளையும் இந்தக் காலத்தில் தள்ளி வையுங்கள். அவற்றில் பலவற்றில் இனிப்புக்காகச் சேர்க்கப்படும் சார்பிட்டால், மால்டிட்டால் போன்றவை குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் வயிற்றை இளக்கும்.

நம் வீட்டுச் சாப்பாட்டில் எதையும் முற்றாக விலக்கச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கும்) காரமான மீன் குழம்பும் ஒரே வேளையில் வயிறு நிறையச் சாப்பிட்டால், மாத்திரை இல்லாதவருக்கே வயிறு கனக்கும், சர்க்கரையும் ஏறும். முதல் இரண்டு வாரங்களுக்குக் காரத்தையும் புளியையும் எண்ணெயையும் குறைத்து, அளவைச் சுருக்கி, மூன்று பெரிய சாப்பாட்டுக்குப் பதிலாகச் சிறு சிறு வேளைகளாகப் பிரித்துக்கொள்வது நல்லது. இட்லி, குழைய வேகவைத்த சோறு, தேங்காய் குறைத்த அவியல், காரமில்லாமல் வேகவைத்த மீன், நீர்மோர் ஆகியவை பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்கின்றன. கஞ்சியும் பயறும் நல்ல உணவுதான். ஆனால் உப்புசம் இருக்கும் நாட்களில் பயற்றின் அளவைப் பாதியாக்குங்கள். பழம் வேண்டுமென்றால் ஒரு மட்டிப்பழம் போதும். செவ்வாழையும் ஏத்தன் பழமும் அளவில் பெரியவை. பால் கலந்த சாயா குடித்ததும் வயிறு கடுக்கிறது என்றால், சில நாட்கள் பாலை நிறுத்திப் பாருங்கள். பால் செரியாமை மாத்திரையின் தொந்தரவோடு கலந்து தெரிவதுண்டு. சாராயம் எவ்வளவு குறைவானாலும் மெட்ஃபார்மினோடு சேர வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

வோக்ளிபோஸ், அகார்போஸ்

இவை மாவுப்பொருள் செரிப்பதைத் தாமதப்படுத்தும் மருந்துகள். செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும் மாவுப்பொருளை அங்குள்ள நுண்ணுயிர்கள் புளிக்க வைப்பதால் வாயு சேர்கிறது. மருந்து வேலை செய்வதன் நேரடி விளைவு இது. சோறும் மரச்சீனியும் எவ்வளவு கூடுகின்றனவோ அவ்வளவு வாயுவும் கூடும். எனவே சோறு, மரச்சீனியின் அளவைக் குறைப்பதுதான் இங்கே முதல் வைத்தியம். மாத்திரையைச் சாப்பாடு தொடங்குவதற்குச் சற்று முன்போ முதல் கவளத்தோடோ எடுக்க வேண்டும். சாப்பிட்டு முடித்து வெகுநேரம் கழித்து எடுத்தால் பயன் இல்லை.

இதில் ஒரு முக்கியமான எச்சரிக்கை உண்டு. கிளிமிபிரைடு அல்லது இன்சுலினோடு சேர்த்து இவற்றை எடுப்பவருக்குச் சர்க்கரை தாழ்ந்தால், சீனியோ கருப்பட்டியோ மிட்டாயோ உடனே பலன் தராது. அவற்றை உடைத்துக் குளுக்கோஸாக்கும் வேலையைத்தான் இந்த மருந்து தடுக்கிறது. வீட்டிலும் பையிலும் குளுக்கோஸ் பொடி இருக்க வேண்டும்.

வார ஊசியும் செமாக்ளூடைட் மாத்திரையும்

செமாக்ளூடைட், டுலாக்ளூடைட், டிர்செபடைட் போன்ற மருந்துகள் இப்போது நம் ஊர்களிலும் எழுதப்படுகின்றன. இவை இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தி, பசியையும் குறைப்பவை. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், புளித்த ஏப்பம் ஆகியவை தொடக்கத்திலும், அளவைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் தலைகாட்டலாம். அதனால்தான் செமாக்ளூடைட் ஊசியை வாரம் 0.25 மி.கி. என்றும், டிர்செபடைட் ஊசியை வாரம் 2.5 மி.கி. என்றும் தொடங்கி, குறைந்தது 4 வாரம் கழித்தே கூட்டுகிறார்கள். அந்த இடைவெளியைச் சுருக்க வேண்டாம்.

இந்த மருந்து எடுப்பவர் பழைய அளவில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்காரக் கூடாது. பாதி அளவு பரிமாறி, மெதுவாக மென்று, வயிறு போதும் என்று காட்டிய உடனே எழுந்துவிட வேண்டும். தட்டில் மிச்சம் வைப்பது பாவம் என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் வற்புறுத்தக் கூடாது. பொரித்த மீன், சிப்ஸ், தேங்காய்ப்பால் சேர்ந்த கறி ஆகியவை குமட்டலைக் கூட்டும். சாப்பிட்ட உடனே படுக்கவும் வேண்டாம். விழுங்கும் செமாக்ளூடைட் மாத்திரைக்கு விதி மெட்ஃபார்மினுக்கு நேர்மாறானது: காலையில் வெறும் வயிற்றில், அரை டம்ளருக்கு மேற்படாத தண்ணீரில், அதாவது 120 மி.லி. வரை, விழுங்கிவிட்டு, 30 நிமிடமாவது சாயாவோ உணவோ வேறு மாத்திரையோ தொடாமல் இருக்க வேண்டும். அறுவை சிகிச்சையோ எண்டோஸ்கோப்பியோ செய்யவிருந்தால், இந்த மருந்து எடுப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வாந்தியோ கடும் வயிற்றுப்போக்கோ வந்த நாளில்

லேசாக வயிறு இளகுவது வேறு. குடித்த தண்ணீரும் தங்காமல் வாந்தி எடுப்பதும், நாள் முழுவதும் போய்க்கொண்டிருப்பதும் வேறு. இரண்டாவது நிலையில் மெட்ஃபார்மினைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்து, அன்றைக்கே மருத்துவரைத் தொடர்புகொள்ள வேண்டும். உடலில் நீர் வற்றினால் சிறுநீரகம் தளர்ந்து, மருந்து உடலில் தேங்கும். அரிதாக இரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஆபத்தான அளவுக்குச் சேரவும் கூடும். நன்றாகச் சாப்பிட்டு நீர் குடிக்கத் தொடங்கி 24 முதல் 48 மணி நேரம் கழித்து, மருத்துவர் சொற்படி மறுபடி தொடங்கலாம். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மருந்துகளையும் இப்படியே நிறுத்தி வைக்க வேண்டும். இவற்றை எடுப்பவருக்குக் குமட்டலும் வயிற்று வலியும் மூச்சிரைப்பும் சேர்ந்து வந்தால், கருவியில் சர்க்கரை அளவு பெரிதாகக் கூடாமல் இருந்தாலும் உடல் கொழுப்பை எரிப்பதால் உண்டாகும் கீட்டோன் அமிலம் இரத்தத்தில் சேர்ந்திருக்கலாம். வீட்டில் காத்திருக்கக் கூடாது. தவக்காலத்திலோ ரமலானிலோ மற்ற விரத நாட்களிலோ நீண்ட நேரம் உண்ணாதிருப்பவர்கள் இதை முன்னதாகவே மருத்துவரிடம் பேசித் திட்டமிட வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தவே கூடாது. அளவை மாற்றுவது பற்றிக் கேட்டுச் செய்ய வேண்டும்.

கிளிமிபிரைடு அல்லது கிளிபென்கிளமைடு எடுப்பவர்களுக்கு ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது. குமட்டலால் சாப்பிடாமல் இருந்துவிட்டு மாத்திரையை மட்டும் போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் தெரிந்தால், அளந்து பார்க்க வசதி இருந்தால் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது ஏறத்தாழ மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

நீரிழப்புக்கு, உலக சுகாதார நிறுவனத்தின் கலவை முறைப்படி என்று அச்சிட்ட உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை வாங்கி, ஒரு லிட்டருக்கானது என்றால் முழுவதையும் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் கரைத்து, சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். சர்க்கரை நோயாளி இதைக் குடிக்கலாமா என்று தயங்குகிறார்கள். குடிக்கலாம், குடிக்க வேண்டும். பெட்டிக் கடையில் கிடைக்கும் சுவையூட்டிய இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடாகா. உப்பிட்ட கஞ்சித் தண்ணீரும் உதவும். இதய நோய் அல்லது சிறுநீரக நோய்க்காக நீரின் அளவைக் கட்டுப்படுத்தியிருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டு அளவை முடிவு செய்யட்டும். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையை, காய்ச்சலோ மலத்தில் இரத்தமோ இருக்கும்போது கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பரவும் கடும் வலி, நிற்காத வாந்தி, மலத்தில் இரத்தம் அல்லது கறுத்த மலம், மஞ்சள் காமாலை, சிறுநீர் மிகக் குறைதல், குழப்பமான பேச்சு ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலோ, நாகர்கோவில் ஆசாரிப்பள்ளத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டலாம். போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

அடங்காத தொந்தரவு

அளவைக் குறைத்து, வேளையை மாற்றி, மெதுவாகக் கரையும் வகைக்கும் மாறிய பின்னும் ஒரு மாதத்துக்கு மேல் வயிற்றுப்போக்கு தொடர்ந்தால், வேறு காரணம் தேட வேண்டும். குறிப்பாக, மெலிந்த உடலும், சிறு வயது முதலே விட்டு விட்டு வரும் மேல்வயிற்று வலியும், எண்ணெய்ப் பசையோடு மிதக்கும் நாற்றமான மலமும் உள்ளவருக்குக் கணையத்தில் கல் சேர்ந்து அதனால் வந்த சர்க்கரை நோயாக இருக்கலாம். கேரளத்திலும் தென் தமிழகத்திலும் முன்பு அதிகம் காணப்பட்ட வகை இது. மரச்சீனி உண்பதால் வருகிறது என்று ஒரு காலத்தில் ஐயப்பட்டார்கள், அது நிரூபிக்கப்படவில்லை. இவர்களுக்குச் சிகிச்சையே வேறு என்பதால், ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். இத்தகைய வேறு காரணம் எதுவும் இல்லை என்று உறுதியான பிறகும் மெட்ஃபார்மின் ஒத்துக்கொள்ளாவிட்டால், வயிற்றை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாத சிடாகிளிப்டின், டெனிலிகிளிப்டின் போன்ற மருந்துகள் இருக்கின்றன.

மருத்துவரிடம் போகும் முன் ஒரு நோட்டில் மாத்திரை எடுத்த நேரம், சாப்பிட்டது, வயிற்றுத் தொந்தரவு வந்த நேரம், எத்தனை முறை போனது என்று எழுதி வையுங்கள். ஒரு வாரக் குறிப்பு இருந்தால், நெரிசலான புறநோயாளிப் பிரிவிலும் இரண்டு நிமிடத்தில் மருத்துவருக்கு நிலைமை விளங்கிவிடும். விட்டுப்போன மாத்திரைகளையும் மறைக்காமல் எழுதுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மருந்து வாங்குபவர்கள், அதைக் கொண்டுவரும் பணியாளரிடம் வாங்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடாதீர்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்பதை அவரிடம் சொன்னால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அந்தச் செய்தி போய்ச் சேரும். இடைப்பட்ட நாட்களில் ஐயம் வந்தால் 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனை கேட்கலாம்.

ஆண்டுக்கணக்கில் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்குக் குடலில் பி12 வைட்டமின் உறிஞ்சப்படுவது குறைகிறது. இரைப்பை எரிச்சலுக்குப் பான்டோபிரசோல் போன்ற மாத்திரையையும் தொடர்ந்து எடுப்பவர்களுக்கு இன்னும் குறையலாம். கால் மரத்துப்போவதையும் களைப்பையும் சர்க்கரை நோயின் கணக்கிலேயே எழுதிவிடாமல், பி12 அளவைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். சாளையும் அயலையும் அடிக்கடி உண்ணும் வீடுகளில் உணவின் வழியே ஓரளவு கிடைக்கிறது. மீனும் முட்டையும் தொடாதவர்கள் இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். அதோடு ஆண்டுக்கு ஒருமுறையாவது சிறுநீரகச் செயல்பாட்டையும் பார்க்க வேண்டும். அது குறைந்தால் மெட்ஃபார்மின் அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டியிருக்கும். பல ஆண்டுகள் ஒத்துக்கொண்ட மாத்திரை ஒருநாள் திடீரென்று வயிற்றைக் கலக்கத் தொடங்கினால், அதையும் முதுமையின் கோளாறு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்லி இந்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள்.